பழைய மென்பொருளில் அரபு எழுத்து கேள்விக்குறியாக வருகிறதா?

மக்தப் பிள்ளைகளுக்காக வாங்கிய பழைய அரபு அகராதி, தஜ்வீத் சிடிக்களைப் பல வீடுகளில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். புதிய கணினியில் போட்டால் அரபு வர வேண்டிய இடத்தில் வாலும் கொம்பும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வருகின்றன. சிடி கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கணினி எழுத்தை எண்ணாகத்தான் வைத்துக்கொள்கிறது. பழைய மென்பொருள்களில் ஒரு மொழிக்கு 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை. 199ஆம் எண் விண்டோஸின் அரபு அட்டவணையில் (அதன் பெயர் 1256) அலிஃப். ஆங்கிலக் கணினிகள் பயன்படுத்தும் 1252 அட்டவணையிலோ அதே எண், கீழே வால் உள்ள ‘சி’. எண் மாறவில்லை, பார்க்கும் அட்டவணைதான் மாறிவிட்டது. யூனிகோடில் இந்தக் குழப்பமில்லை. அலிஃபுக்கு 1575, நம் ‘அ’வுக்கு 2949 என்று தனித்தனி எண். அதனால்தான் இன்றைய செயலிகளில் தமிழும் அரபும் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்கின்றன.

சரிசெய்வது எளிது. கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜியன்’ திறந்து, ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ்’ பக்கத்துக்குப் போங்கள். அங்கே ‘சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல்’ என்ற பொத்தானை அழுத்தி, பட்டியலில் ஏதாவது ஓர் அரபு நாட்டின் அரபியைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். அதே பெட்டியில் ‘யூடிஎஃப்-8’ என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய மென்பொருளுக்காகச் செய்யும்போது அதில் டிக் போட வேண்டாம். திரையிலுள்ள மெனுக்கள் அரபியாகிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. அது வேறு அமைப்பு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஓர் அட்டவணைதான். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில அட்டவணையின் எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தவை. ஜமாஅத் அலுவலகத்தின் நிக்காஹ் பதிவேடு அப்படியொரு பழைய தமிழ் மென்பொருளில் இருந்தால், அரபிக்கு மாற்றியதும் அதிலுள்ள பெயர்கள் குழம்பித் தெரியலாம். பதிவேடு உள்ள கணினியை விட்டுவிட்டு வேறொன்றில் மாற்றுவதே நல்லது. தமிழுக்கென்று விண்டோஸில் 256 எண் அட்டவணை கிடையாது. ஆகவே லோக்கேலை மாற்றிப் பழைய தமிழைச் சரிசெய்ய முடியாது. அதற்குரிய எழுத்துருவை நிறுவிப் படித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

திரையில் தெரிவதை வைத்தே கோளாறை ஓரளவு கண்டுபிடிக்கலாம். வெற்றுக் கட்டங்கள் வந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை. வாலும் கொம்புமாக வந்தால் அட்டவணை மாறியிருக்கிறது. தகவல் பத்திரமாகவே இருக்கும். வரிசையாகக் கேள்விக்குறி வந்தால்தான் ஆபத்து. அந்த எழுத்துக்கு அட்டவணையில் இடமில்லாமல், எண்ணையே கேள்விக்குறியாக மாற்றியிருக்கக்கூடும். அந்த நிலையில் ‘சேவ்’ அழுத்தினால் மாப்பிள்ளை பெயரும் வலீயின் பெயரும் கேள்விக்குறியாகவே பதிந்துவிடும். பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்பாது. சேமிக்காமல் மூடுங்கள். கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வைத்த பிறகே எதையும் தொடுங்கள்.

லோக்கேலை மாற்ற நிர்வாகி கடவுச்சொல் வேண்டும். வேலை முடிந்ததும் பழைய தேர்வுக்கே திரும்ப வசதியாக, முதலில் இருந்த மொழியின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கணினிப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.