குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: லேப்பில் என்ன பார்க்கிறார்கள்?

மும்பையில் மழை பிடித்துவிட்டால் குழாய்த் தண்ணீர் கலங்கி வரும். கூடவே குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் வரும். தாராவியில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மழை ஓய்ந்து குளிர் விழுந்த பிறகும் குழந்தைகள் வார்டுக்கு இதே நோயோடு பிள்ளைகள் வருகிறார்களே, ஏன்? தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்களே?

இதற்கு முக்கிய காரணம் 'ரோட்டா' என்னும் வைரஸ். 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். பேதி கண்ட குழந்தைகளின் குடல் சவ்வை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சக்கரம் போன்ற கிருமி தெரிந்தது. லத்தீன் மொழியில் ரோட்டா என்றால் சக்கரம். கை, பொம்மை, துணி வழியாகவும் இது தொற்றும். தடுப்பு மருந்து வருவதற்கு முன், 2005 முதல் பல இந்திய ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்தார்கள். பேதிக்காகச் சேர்க்கப்பட்ட 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்குச் சுமார் 40 பேரிடம் இந்த வைரஸ் இருந்தது.

வைரஸை ஆன்டிபயாட்டிக் மருந்து கொல்லாது. நம்மவர்களோ முதலில் ஓடுவது மெடிக்கல் கடைக்கு. கடைக்காரர் கொடுக்கும் 2 மாத்திரையைக் கரைத்து ஊற்றிவிட்டு, நிற்கவில்லை என்றால்தான் ஆஸ்பத்திரி. அதற்குள் மருந்து உள்ளே போய்விடுவதால், மலத்தில் இருக்கும் கிருமியும் லேப்பில் வளராமல் போகலாம். பேதியைச் சட்டென்று கட்டும் மாத்திரையோ குழந்தைக்கு ஆபத்தானது.

சோதனை எப்படி?

சாதாரண மைக்ராஸ்கோப்பில் ரத்த அணுக்கள், சீழ் அணுக்கள், அமீபா, ஜியார்டியா ஆகியவை தெரியும். உயிரோடு நகரும் அமீபாவைப் பார்க்க வேண்டுமானால் மலம் அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வாயகன்ற சுத்தமான டப்பா தேவை. மூத்திரம் கலந்தது உதவாது. சளியும் ரத்தமும் உள்ள பகுதியைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அரிசி கழுவிய தண்ணீர் போல் போனால் காலராவைச் சந்தேகிப்பார்கள். அந்தக் கிருமி மைக்ராஸ்கோப்பின் கீழ் எரிநட்சத்திரம் போல் பாயும். கல்ச்சர் தட்டில் மறுநாள் மஞ்சள் பொட்டுகளாக வளரும். ரத்தக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஷிகெல்லா காரணம். அதை வளர்த்து, எந்த மருந்துக்கு மடங்கும் என்று பார்க்க 2, 3 நாள் பிடிக்கும். இந்த இரண்டிலும் ஆன்டிபயாட்டிக் உதவும். எது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

ரோட்டா இந்தத் தட்டுகளில் வளராது. 'எலிசா' என்ற சோதனையில் நிறம் மாறுவதை வைத்துச் சில மணி நேரத்தில் கண்டுகொள்ளலாம். பல ஆஸ்பத்திரிகளில் அதைச் செய்வதில்லை. செய்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது

குழந்தையின் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் நீர் வற்றுதல்தான். கண் குழி விழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், மூத்திரம் போகாவிட்டால், துவண்டு கிடந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், ஊசிக் குழாய்க்கு வழியில்லாத நிலையில் இந்த உப்புச் சர்க்கரை நீரைக் கொடுத்தே ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார். டாக்டர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

ரோட்டாவுக்கு நம் நாட்டிலேயே சொட்டு மருந்து உருவாயிற்று. டெல்லி, புனே, வேலூர் குழந்தைகளிடம் பரிசோதித்ததில், கடுமையான ரோட்டா பேதி பாதிக்கு மேல் குறைந்தது. 2016இல் சில மாநிலங்களில் தொடங்கிய அரசுத் திட்டம் பின்னர் நாடெங்கும் வந்தது. 6, 10, 14வது வாரங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போய், முதல் தவணையை அங்கே கொடுத்துவிட்டு வருகிறவர்கள் தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டு வந்தால், மீதி இரண்டையும் இங்கேயே கொடுத்துவிடலாம்.