மூன்று சத்தங்கள்

நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னரின் உடைவாள் கைமாறும். சரஸ்வதி தேவியும் வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவார்கள். 1956 நவம்பர் 1-இல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனாலும் ஊர்வலம் நிற்கவில்லை; இரு மாநில போலீசாரும் துப்பாக்கி ஏந்தி மரியாதை செலுத்துகிறார்கள்.

ஆயுதப்படையில் இருந்தபோது அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு நிமிடக் காட்சி. எங்களுக்கோ பல நாள் விடியற்காலைப் பயிற்சி. 303 ரைபிள் சுமார் 4 கிலோ இருக்கும். தோளிலிருந்து நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவர மூன்று அசைவுகள். ஒவ்வொரு அசைவிலும் எல்லார் உள்ளங்கையும் ஒன்றாகக் கட்டையில் விழ வேண்டும். ஒரு கை பிந்தினாலும் காது கண்டுபிடித்துவிடும். நெடுநேரம் விறைப்பாக நின்றால் ரத்தம் காலில் தங்கி மயக்கம் வரும். "மக்கா, முட்டியப் பூட்டாத, பூட்சுக்குள்ள விரல அசை" என்பார் பயிற்சி தந்த ஏட்டையா. மேளச் சத்தத்தில் ஆணை அமுங்கிப்போகும். பக்கத்து ஆளின் தோளைக் கடைக்கண்ணால் பிடித்துக்கொள்வோம். சாமிக்கு முன்னால் பிசகக் கூடாது என்ற பயம் எனக்குக் கடைசிவரை போகவில்லை. அந்தப் பயம் நல்லது.

அடுத்த நவராத்திரிக்கு முன்பு பத்மநாபபுரம் பக்கம் வந்தால், கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டு அந்த மூன்று சத்தங்களையும் கேளுங்கள்.