தானியத் தொட்டியைக் காலி செய்வது எப்படி?

எம்.ரெட்டியபட்டி முதலிய கரிசற் கிராமங்களில் முன்னாளில் கம்பும் சோளமும் மண் குலுக்கைகளில் இருந்தன. மேலே கொட்டி, அடித்துவாரத்தின் அடைப்பை எடுத்தால் தானியம் தானே விழும்; விழாவிடில் கையை விட்டுக் கிளறினால் போதும். இந்நாளில் மக்காச்சோளத்திற்கும் மாட்டுத் தவிட்டிற்கும் பெரிய இரும்புத் தகட்டுத் தொட்டி அமைக்க எண்ணும் சங்கத்தார், அது எத்தனை டன் கொள்ளும் என்று கேட்கிறார்களேயன்றி, எவ்வாறு காலியாகும் என்று கேட்பவர் அரியர்.

இது புதிய குறையன்று. 1770-ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின், பாட்னாவில் கோல்கர் என்னும் மாபெரும் களஞ்சியத்தை ஆங்கிலேயர் எழுப்பி 1786-இல் முடித்தனர். உச்சியில் உள்ள துவாரத்தின் வழியே கொட்டுவதற்கு வெளிப்புறத்தில் படிகள் உண்டு. ஆனால் அடிக்கதவுகள் உட்புறமாகத் திறப்பதால் அதை முழுவதும் நிரப்பவே இயலாது என்று சொல்வதுண்டு.

தானியம் தண்ணீரைப் போன்றதன்று. அதன் பாரத்தில் பெரும்பகுதியைச் சுவர் உராய்வு தாங்கிக்கொள்ளும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ஜான்ஸன் 1895-இல் விளக்கினார். ஆகவே தொட்டியை உயர்த்துவதால் வரத்து மிகாது. வாயை அகலப்படுத்தினால் மிகும். வாயின் விட்டம் இருமடங்கானால் வரத்து ஐந்து மடங்குக்கும் மேலாகும்.

வாய் சிறுத்தால் தவிடு போன்றவை அதன்மேல் வளைவு கட்டி நின்றுவிடும். கூம்பின் சரிவு போதாவிடில் நடுவில் கிணறுபோல் குழி விழுந்து, ஓரத்துச் சரக்கு அசையாது. புதியது முதலில் வெளியேற, பழையது உள்ளேயே கிடந்து வண்டு பிடிக்கும். காய்ந்த தானியத்திற்கு 45 பாகையும், தவிட்டிற்கு 60 பாகையும் குறைந்த அளவுச் சரிவு எனக் கொள்ளலாம். பஞ்சு ஒட்டிய பருத்திக்கொட்டையோ ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனைத் தட்டைத் தரையுள்ள கிடங்கில் போட்டு வாரிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

வாயில் பொருத்தும் சாதனங்களில் தானியத்திற்குச் சறுக்குக் கதவே பெரும்பாலும் போதும். அளவாக விடவேண்டுமாயின் திருகு யந்திரம் வைக்கலாம். அதன் புரிகள் சரக்கு செல்லும் திசையில் வரவர அகலவேண்டும். ஒரே அளவாயிருந்தால் வாயின் ஒரு முனையிலிருந்து மட்டுமே இழுக்கும். அதிர்வு யந்திரத்தை வாய் திறந்திருக்கும்போது மட்டும் ஓட்டுக. மூடியபடி ஓட்டினால் சரக்கு மேலும் இறுகிவிடும். சம்மட்டியால் தட்டுவது பலருக்குப் பழக்கம். தட்டத் தட்டத் தகடு குழிந்து, அக்குழிகளிலேயே சரக்கு பின்னும் தங்கும்.

யாவற்றினும் கொடியது, கம்புடன் ஆளை உள்ளே இறக்குவது. கட்டிய வளைவு உடைந்தால் அவர் சரக்கோடு புதைவார். ஓடுகிற தானியத்தில் நின்றவர் சில விநாடிகளில் முழங்கால் அளவு சிக்குவார். தாமே கால் எடுக்க முடியாது. அரை நிமிஷத்திற்குள் தலையும் மறையக்கூடும். காப்பாற்றக் குதித்தவருக்கும் அதே கதிதான். அடைப்பை வெளியிலிருந்தே நீண்ட கோலால் நீக்க, கூம்பின் பக்கத்தில் மூடியுள்ள துவாரங்கள் வைக்கச் சொல்லுங்கள். மேல் வாய்க்குக் கம்பி வலையும் பூட்டும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் வாயின் அகலம், கூம்பின் சரிவு இரண்டையும் எழுத்தில் வாங்குக. நம் சரக்கையே நிரப்பி, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் தட்டாமல் காலியாகிறதா என்று பார்த்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுக்கலாம்.