பிள்ளைகளுக்கு வீடே வேலி

திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, அதையடுத்து 95 மருந்து. மதுவையும் சூதையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தது சிந்திக்கத்தக்கது. இரண்டும் மூளையில் இன்ப உணர்வைத் தூண்டி, மீண்டும் மீண்டும் நாட வைக்கின்றன என்கிறது இன்றைய மருத்துவம். நன்மை தீமையைச் சீர்தூக்கும் மூளையின் முன்பகுதி முதிர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயதாகிறது. ஆகவே இளமையில் தொட்ட பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது.

18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆயினும், தாத்தாவுக்குப் புகையிலை வாங்கிவரக் கடைக்கு அனுப்பப்படும் பேரன் முதல் பாடத்தை வீட்டிலேயே கற்றுவிடுகிறான்.

இரவு உணவைச் சேர்ந்து உண்பது, பிள்ளையின் நண்பர்களை அறிந்திருப்பது, தவறு தெரிந்தால் அடிப்பதற்கு முன் செவிசாய்ப்பது ஆகியவையே பெற்றோர் இடும் வேலி. பழக்கம் பற்றிவிட்டால் மானத்துக்கு அஞ்சி மறைத்தல் ஆகாது. 14446 என்ற இலவச உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். அது பழி அன்று, மருந்துள்ள நோயே.