வேகத்துக்குள் கமகம்: லீட் கிட்டாருக்குக் கர்நாடக இசை காட்டும் வழி

பாட்டின் நடுவே மற்றக் கருவிகள் பின்னால் ஒதுங்க, ஒற்றைக் கிட்டார் முன்னுக்கு வந்து வாசிக்கும் பகுதியை லீட் என்பார்கள். இதில் வேகம் கைவந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. வேகம் கூடியபோதும் உணர்ச்சி குறையாமல் வாசிப்பவர்கள் குறைவு. விரல்கள் பறக்கின்றன, ஸ்வரங்கள் பிசகாமல் விழுகின்றன, ஆனாலும் கேட்பவர் மனதில் எதுவும் தங்குவதில்லை. இதற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்று வாசித்தால் நொடிக்கு 8 ஸ்வரம் வரும். ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது நொடியில் எட்டில் ஒரு பங்கு. குரலிலும் தந்தியிலும் இனிமையாகக் கேட்கும் அசைவு, கிட்டார்க்காரர்கள் வைப்ரேட்டோ என்பது, நொடிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 முறை நிகழ்கிறது. ஓர் அசைவு முடிவதற்குள் அந்த ஸ்வரமே கடந்துபோய்விடும். வேகமான ஓட்டத்தில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் அழகுபடுத்த நேரமே கிடையாது. எந்த ஸ்வரத்தை அசைப்பது, எதைத் தொட்டுவிட்டு நகர்வது, எதில் நிற்பது என்று தேர்ந்தெடுப்பதில்தான் உணர்ச்சி பிறக்கிறது.

ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் அழகுபடுத்துவதைக் கமகம் என்று சொல்லும் கர்நாடக இசைக்கு இந்தத் தேர்வு புதிதல்ல. பைரவி ராகத்து அட தாள வர்ணமான 'விரிபோணி'யை இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், பாடுவது வழக்கம். முதல் காலத்தில் அகலமாக அசையும் ஸ்வரம், இரண்டாம் காலத்தில் சுருங்கி ஒரு சிறு தொடுகையாகிவிடும். ராகத்தின் முகம் மாறாமல் இருக்க எந்த அசைவைக் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மாணவர் வர்ணத்திலேயே கற்றுக்கொள்கிறார். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் அதிவேக ஸ்வரக் கோவைகளான பிருகாக்களும், டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வர ஓட்டங்களும் இதற்கு நல்ல பாடம். சரம் சரமாக ஓடும் ஸ்வரங்கள் ஒரு கார்வையில், அதாவது நீட்டி நிறுத்தும் ஸ்வரத்தில், வந்து நிற்கும். ஓட்டத்துக்குப் பொருள் தருவது அந்தக் கார்வைதான்.

மெட்டுகள் (ஃப்ரெட்டுகள்) பதித்த மேற்கத்தியக் கருவியிலும் வேகத்துக்குள் கமகம் முடியும் என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திரத்தின் பாலகொல்லில் பிறந்து, 1981-ல் 12 வயதிலேயே சென்னைக் கச்சேரி மேடையில் வாசித்தவர். மாண்டலினில் வழக்கமாக நான்கு இரட்டைத் தந்திகள் இருக்கும். தட்டியதும் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டு, இரட்டைத் தந்திகளுக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்திகளைப் பூட்டினார். ஒற்றைத் தந்தியை விரலால் வளைப்பது எளிது. மின்பெருக்கியால் ஒலி நீண்டு, கார்வைக்கு இடம் கிடைத்தது.

அவர் கற்ற முறை இன்னும் முக்கியம். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், சிறுவன் அதைக் கேட்டுத் தந்தியில் கொண்டுவருவான். விரலுக்கு வசதியான இடங்களைத் தேடாமல், குரல் போன வழியிலேயே விரலும் போகப் பழகியது. ஸ்ரீநிவாஸின் அதிவேக ஸ்வரங்கள்கூடப் பாடுவதுபோல் ஒலித்ததற்கு இந்தப் பயிற்சியே அடிப்படை. 2014-ல் 45 வயதில் அவர் மறைந்தார்.

கிட்டாரில் குரலின் வளைவுகளைக் கொண்டுவர நான்கு வழிகள் உண்டு. முதலாவது, தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது, பெண்டிங் என்பார்கள். ஒரு மெட்டின் மேல் தந்தியை இழுத்து இரண்டு அரைஸ்வரம் உயர்த்த வேண்டுமானால் தந்தியின் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூட வேண்டும். வேகத்தின் நடுவே இதைச் சுருதி பிசகாமல் செய்வது கடினம். ஆகவே ஓட்டத்தின் முடிவு ஸ்வரத்துக்கு இதை வைத்துக்கொள்வதே தேர்ந்தவர்களின் வழக்கம். இரண்டாவது, சறுக்கல், கர்நாடக இசையில் ஜாரு. விரலை எடுக்காமல் மெட்டுகளின் மேல் நகர்த்துவதால் நேரம் வீணாவதில்லை. வேகத்துக்கு மிகவும் ஒத்துப்போகும் கமகம் இதுவே.

மூன்றாவது, பிக்கால் தட்டாமல் இடது கை விரலாலேயே ஸ்வரத்தை எழுப்புவது. ஹாமர்-ஆன், புல்-ஆஃப் என்பவை. ஜண்டை வரிசையில் ஒரே ஸ்வரம் இரட்டித்து வரும்போது, இரண்டாவது ஸ்வரம் கீழ் ஸ்வரத்தை ஒரு கணம் தொட்டு அழுத்தமாக விழும். ஸ்புரிதம் எனப்படும் இந்தக் கமகத்தைக் கிட்டாரில் ஹாமர்-ஆன் அப்படியே தருகிறது. நான்காவது, வலது கையின் அழுத்தம். எல்லா ஸ்வரங்களையும் ஒரே பலத்தில் தட்டுவதுதான் வேக வாசிப்பின் பெரிய குறை. சிலவற்றை உரக்கவும் சிலவற்றை மெல்லவும் தட்டினாலே அதே ஸ்வர வரிசை பேசத் தொடங்கிவிடும்.

கருவியின் அமைப்பும் உதவும். வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தைத் தொடுவதில்லை. ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல ஸ்வரங்களை எட்டலாம். வீணை பயின்ற ஆங்கிலேயக் கிட்டார்க் கலைஞர் ஜான் மக்லாஃப்லின், 1970-களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைப் பயன்படுத்தினார். பின்னாளில் 'ரிமெம்பர் சக்தி' குழுவில் ஸ்ரீநிவாஸும் அவரும் ஒரே மேடையில் மாறி மாறி ஸ்வரம் வாசித்தனர். குழிவான கிட்டாரை ராக் இசையில் ரிச்சி பிளாக்மோர், இங்வே மால்ம்ஸ்டீன் ஆகியோரும் விரும்பினர். சாதாரணக் கிட்டார் வைத்திருப்பவர் மெல்லிய தந்திகளைப் பூட்டினாலே இழுப்பது எளிதாகும்.

ஸ்வரத்தைப் போலவே தாளத்திலும் உணர்ச்சி இருக்கிறது. 16 ஸ்வரங்களை நான்கு நான்காக அடுக்கினால் காது அடுத்து வருவதை முன்னமே ஊகித்துவிடும். அதே பதினாறை 5, 5, 6 என்று பிரித்து, ஒவ்வொரு கூறின் முதல் ஸ்வரத்தை அழுத்தினால் ஓட்டத்துக்குள் ஓர் எதிர்பார்ப்பு எழுகிறது. தகதகிட, தகதகிட, தகதிமிதக என்று வாயால் சொல்லிப் பழகினால் கை தானே அந்த அழுத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட லயக் கணக்குக்குப் பேர்போன வித்துவான் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை.

இந்தக் கர்நாடக வழியைக் கிட்டாரிலேயே நடத்திக் காட்டியவர் ராணிப்பேட்டையில் வளர்ந்த கிட்டார் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, பிறகு அமெரிக்காவின் பெர்க்லீ இசைக் கல்லூரியில் பயின்ற அவர், கீர்த்தனைகளையும் ராக ஆலாபனையையும் எலெக்ட்ரிக் கிட்டாரில் கச்சேரியாகவே வாசிக்கிறார். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற ஆல்பத்தையும் தந்தார். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில், செய்யூர்ப் பக்கம் 2010-ல் தொடங்கிய சுவர்ணபூமி இசைக் கல்விக்கூடத்தை அவரே வழிநடத்தினார். ஜாஸ், ராக் இசையுடன் கர்நாடக தாளப் பயிற்சியும் அங்கே பாடமானது.

ஒலி அமைப்பில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் கூடும்போது ஸ்வரம் நீளும், ஆனால் உரத்த தட்டும் மெல்லிய தட்டும் ஒரே அளவாகக் கேட்கும். வலது கை செய்த வேலையெல்லாம் அதில் மறைந்துபோகும். பயிற்சியின்போது டிஸ்டார்ஷனைக் குறைத்துவைத்தால் எந்த ஸ்வரம் உயிரில்லாமல் விழுகிறது என்பது உடனே தெரியும்.

பயிற்சிக்கும் ஒரு வரிசை உண்டு. நான்கு ஆவர்த்தன (தாளச் சுற்று) அளவுள்ள சிறு பகுதியை முதலில் வாயால் பாட வேண்டும்; மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே கார்வை வைக்க வேண்டும். பிறகு மெட்ரோனோமை 60-ல் வைத்து, எல்லாக் கமகங்களோடும் முதல் காலத்தில் வாசிக்க வேண்டும். அடுத்து வேகத்தை இரட்டித்து, எந்த அசைவு சுருங்கலாம், எது சுருங்கினால் ராகமே மாறிவிடும் என்று பார்க்க வேண்டும். கடைசியாக அழுத்தங்களை இடம் மாற்றிப் பார்த்து, பதிவுசெய்து கேட்க வேண்டும். பாட முடியாத வேகத்தில் விரல் மட்டும் ஓடும் இடங்கள் பதிவில் தனியாகத் தெரியும். அவற்றில் சில ஸ்வரங்களைக் குறைத்து ஒரு கார்வையைக் கூட்டினால், பெரும்பாலும் அதுவே போதுமானது.