வீட்டுச் சங்கீதமும் எண்-ஒலி மாற்றியும்

திருப்பதித் தேவஸ்தானத்திற்காக எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலை 1980-ஆம் ஆண்டை ஒட்டி இசைத்தட்டுகளாக வெளிவந்தது. அவற்றிலுள்ள அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைச் சித்தூர், திருப்பதி இல்லங்களில் இன்று கணிப்பொறி வழியாகவும் கேட்கலாம்.

குறுந்தட்டு முறையில், ஒரு விநாடி ஒலி ஒவ்வொரு செவிக்கும் 44,100 அளவீடுகளாகப் பதிவாகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகும். இவ்வெண்களை மீண்டும் மின்னலையாக்குவது, 'டாக்' என வழங்கும் எண்-ஒலி மாற்றி. கணிப்பொறியினுள் அது பிற மின்சுற்றுகளின் நடுவே இருப்பதால், அவற்றின் இரைச்சல் இசையுடன் கலந்துவிடுவதுண்டு. தனிப்பெட்டியிலுள்ள மாற்றியை ஒளியிழையால் இணைப்பின், அம்மின்னிரைச்சல் இழை வழியே கடந்து வாராது.

ஆயினும், வாங்குமுன் ஒரு சோதனை செய்தல் நலம். பாட்டை நிறுத்தி, ஒலிபெருக்கியின் அருகே செவி வைத்துக் கேட்க வேண்டும். இரைச்சல் இருப்பின், கணிப்பொறியை நீக்கிவிட்டுக் கைப்பேசியை இணைத்துப் பார்க்கலாம். இரைச்சல் மறைந்தால் குறை கணிப்பொறியின் பக்கமே. தனி மாற்றி பயன் தரும். மறையாவிடில், ஆம்ப்ளிபயரையோ ஒலிபெருக்கியையோ முதலில் சீர்செய்வதே சிக்கனம்.

மூலப்பதிவில் இல்லாத நயத்தை எக்கருவியும் உண்டாக்காது. உள்ளதைக் கெடாமல் தருவதே மாற்றியின் தொழில்.