பந்தக்காலுக்கு முன்னாடி வாழைக்கன்னு



முப்பத்து மூணு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். எது முகூர்த்த மாசம்னு தெரிஞ்சுக்க எனக்குப் பஞ்சாங்கம் தேவைப்பட்டதே இல்லை. நகைக்கடன் கவுன்டர்ல நிக்கிற வரிசையே சொல்லிடும். வரிசையில் பாதிப் பேர் நம்ம ஆளுங்க, விவசாயிங்க. கடன் பேப்பர்ல காரணம் 'விவசாயம்'னு இருக்கும். பணம் போற இடம் கல்யாண மண்டபமா இருக்கும்.

வங்கியில் கிடைச்சது போதாதுன்னு மீதிக்கு வெளிக்கடன். நூத்துக்கு ரெண்டு வட்டின்னா காதுக்குச் சின்னதாத்தான் கேக்கும். 5 லட்சத்துக்கு மாசம் 10,000 ரூபாய், வருஷம் 1,20,000 ரூபாய். ஒரு ஏக்கர் சம்பாவில் எல்லாச் செலவும் போக இவ்வளவு நிக்குமான்னு நீங்களே சொல்லுங்க. அந்த வட்டிக்குப் பயந்துதான் அறுத்த நெல்லைக் களத்து மேட்டிலேயே வந்த விலைக்குத் தள்ளுறோம். விதைநெல்லுக்கு ரெண்டு மூட்டை எடுத்து வைக்கக்கூட கை வராது. ஒரு நாள் கல்யாணம் மூணு நாலு போக விளைச்சலைத் தின்னுட்டுப் போயிடுது.

ஓய்வுக்குப் பிறகு மன்னார்குடிப் பக்கம் மூணு ஏக்கர்ல இயற்கை விவசாயம் பண்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வைகாசியில், என் இளைய மகள் கல்யாணத்தை எங்க வீட்டு வாசல்லயே பந்தல் போட்டு நடத்தினோம். 600 பேர் சாப்பிட்டாங்க. அதைப் பார்த்துட்டுப் போன நண்பர்கள் "எப்படிப் பண்ணீங்க, எழுதுங்க"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதுக்குத்தான் இந்தக் கட்டுரை. சொல்ல வேண்டியது ஒண்ணுதான்: நாள் குறிச்சதும் மண்டபத்துக்கு ஓடாதீங்க. முதல்ல வயலுக்குப் போங்க.

ஏன் வைகாசி?

டெல்டாவில் மேட்டூர்த் தண்ணி வழக்கமாத் திறக்குறது ஜூன் 12. அதுக்கு முன்னாடி வாய்க்கால் காய்ஞ்சு கிடக்கும். நடவு கிடையாது, களையெடுப்பு கிடையாது. வயல் வேலையை நம்பிப் பிழைக்கிற குடும்பங்களுக்குக் கையில் காசு புரளாத மாசம் சித்திரையும் வைகாசியும்தான். அந்த நேரத்துல கல்யாண வேலை வந்தா, கீத்து முடையுறதுல இருந்து பாத்திரம் கழுவுறது வரைக்கும் ஊர்லயே கூலி கிடைக்கும். தையில் அறுத்த நெல்லும் அதுக்குள்ள நாலு மாசம் பழகியிருக்கும். புது அரிசி குழையும், பந்தி சாப்பாட்டுக்கு ஆகாது. மாங்காயும் பலாவும் தானாக் கிடைக்கும். நிச்சயம் முந்தின சித்திரையிலேயே முடிஞ்சதால எங்களுக்கு ஒரு வருஷம் முழுசாக் கையில் இருந்தது.

ஒரு வருஷக் கணக்கு

நாங்க போட்ட பட்டியலை அப்படியே தர்றேன். உங்க ஊர் தண்ணிக்கும் மண்ணுக்கும் தகுந்தபடி மாத்திக்கோங்க.

முந்தின வைகாசி: 200 பூவன் வாழைக்கன்னு. இதுல இலைக்குன்னு பாதியைத் தனியா நெருக்கி நட்டோம். காய்க்கு விட்ட மரத்துல இலை அறுத்தா தார் சிறுத்துப் போகும். அதே மாசம் வேலியோரம் சேனைக்கிழங்கு. தையில் தோண்டி நிழல்ல மணல் மேல பரப்பி வெச்சோம்.

ஆவணி: ஒரு மா நிலத்துல தூயமல்லி நாத்து. ஒரு மான்னா ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு. 60 கிலோ மூட்டை ஆறு கிடைச்சது. அரைச்சா 200 கிலோவுக்கு மேல அரிசி. ஒரு கிலோ அரிசி எட்டுப் பேர் சாப்பாட்டுக்கு வரும். 600 பேருக்கு மதியம் 75 கிலோ. முதல் நாள் ராத்திரி, காலைப் பலகாரம் எல்லாம் சேர்த்தாலும் 180 கிலோவுக்குள்ள அடங்கிடுச்சு. பார்த்தீங்களா, ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய அரிசி இவ்வளவுதான். ஒரு மா நிலம் போதும்.

தை: சம்பா அறுக்கிறதுக்குப் பத்து நாள் முன்னாடி, நிக்கிற பயிருக்குள்ள உளுந்தும் பாசிப்பயறும் தெளிச்சு விட்டோம். நெல் தரிசுப் பயறு நமக்குப் புதுசு இல்லையே. பங்குனியில் கைக்கு வந்தது. வடைக்கு அந்த உளுந்து, பாயசத்துக்கு அந்தப் பயறு. தையிலேயே பரங்கி, பூசணி விதையும் ஊனியாச்சு.

மாசி, பங்குனி: கத்திரி நாத்தும் செண்டுமல்லி நாத்தும் மாசியில் விட்டுப் பங்குனியில் நட்டோம். வெண்டையும் கொத்தவரையும் பங்குனிக் கடைசியில். கோடையில் போர்த் தண்ணிதான் கதி. அதனால பத்து சென்ட்டுக்கு மேல போகலை. மூடாக்கு கனமாப் போட்டோம்.

எல்லாத்தையும் நாமே விளைவிக்க முடியாது. துவரம்பருப்பு, மிளகாய், நாட்டுச்சர்க்கரை, செக்கு எண்ணெய் இதெல்லாம் இயற்கை விவசாயம் பண்ற நண்பர்கள்கிட்ட முன்கூட்டியே சொல்லி, பாதிப் பணம் கொடுத்து வாங்கினோம்.

சமையல்காரரோட ஒரு ஒத்திகை

மரபு அரிசின்னதும் பல பேர் மாப்பிள்ளைச் சம்பாவைப் பந்திக்குப் போட நினைக்கிறாங்க. பேர் பொருத்தம்தான். ஆனா அது சிவப்பரிசி. நல்லா ஊறணும், வேக நேரமாகும். சமையல்காரருக்குப் பழக்கம் இல்லைன்னா பந்தி நின்னுடும். சாதத்துக்குத் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா மாதிரி வெள்ளைச் சன்ன ரகம் போதும். மாப்பிள்ளைச் சம்பாவில் காலைக்குச் சர்க்கரைப் பொங்கல் வெச்சோம். கருப்புக் கவுனியில் ஒரு இனிப்பு. ரெண்டும் பேசப்பட்டது.

கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி சமையல்காரரை வீட்டுக்கு வரச்சொல்லி, இதே அரிசியில் 5 கிலோ வடிச்சுப் பார்க்கச் சொன்னோம். "ஐயா, இது தண்ணி கூடக் கேக்குது"ன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒத்திகை.

கையால செஞ்சது

பந்தல் மூங்கில்லயும் தென்னங்கீத்துலயும். மட்டையை ஊறப்போட்டு எங்க தெருப் பெண்கள் பத்து நாள் முடைஞ்சாங்க. கல்யாணம் முடிஞ்சதும் அதே கீத்து மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போயிடுச்சு. ஒரு எச்சரிக்கை: சமையல் கொட்டகையைப் பந்தல்ல இருந்து தள்ளி, தகரக் கூரையில போடுங்க. பக்கத்துல ரெண்டு பேரல் தண்ணியும் மணலும் இருக்கணும். கோடைக்காத்து சொல்லிட்டு வராது.

மேடை அலங்காரத்துக்குத் தெர்மாகோலுக்குப் பதில் நெட்டி. நம்ம குளம் குட்டைகள்ல வளர்ற செடியோட வெள்ளைத் தண்டுதான் நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. மாட்டுப்பொங்கலுக்கு நெட்டிமாலை கட்டுற குடும்பங்களுக்கு அதுக்கப்புறம் அந்த வேலை இருக்காது. பொங்கல் சமயத்துலயே சொல்லி வெச்சா நெட்டியை ஈரம் படாம எடுத்து வைப்பாங்க.

தென்னங்குருத்துத் தோரணத்துக்குத் தனி ஆள் இல்லை. முதல் நாள் ராத்திரி வந்த உறவுக்காரங்க எல்லார் மடியிலயும் ஒரு குருத்தைக் கொடுத்தோம். கிளி, மீன், பூன்னு ஆளுக்கு ஒண்ணு வந்தது. நாலு வருஷமாப் பேசாம இருந்த என் பங்காளிகள் ரெண்டு பேர் ஒரே குருத்தைப் பிடிச்சுக் கிழிச்சுக்கிட்டு இருந்தாங்க. அதை நான் திட்டம் போடலை.

மணமக்களுக்குச் சீர்ல நான் விரும்பி வாங்கினது ஒரு பத்தமடைப் பாய். திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்யுறது. பட்டுத்துணி மாதிரி மடிக்கலாம். மணமக்கள் பேரையும் கல்யாணத் தேதியையும் பாயிலேயே நெய்து தர்ற வழக்கம் அங்கே உண்டு. கோரையைக் கிழிச்சு, ஊறவெச்சு, சாயம் ஏத்தி நெய்யணும், நாள் பிடிக்கும். தையிலேயே சொல்லிட்டோம்.

ஒரு விஷயத்தைக் கறாராச் சொல்லிடுறேன். 'கையால செய்யுறது'ன்னு சொல்லி வீட்டுப் பெண்களையும் தெரிஞ்சவங்களையும் ஓசியில் வேலை வாங்கக் கூடாது. தோரணம் கட்டுறது கொண்டாட்டம். கீத்து முடையுறது வேலை. வேலைக்குக் கூலி அன்னன்னைக்கே கொடுத்துடணும்.

மஞ்சப்பையில விதை

2021 டிசம்பர்ல அரசு 'மீண்டும் மஞ்சப்பை' ஆரம்பிச்சது நினைவிருக்கும். நம்ம கல்யாணங்கள்ல மஞ்சப்பை எப்பவும் இருந்ததுதான். நாங்க தேங்காய், வெத்தலை பாக்கோட ஒரு காகித உறையில் விதையும் வெச்சோம். கத்திரி, சுரை, அவரை, வெண்டை, நாலும் நாட்டு ரகம். வைகாசியில் கொடுத்தா ஆடிப்பட்டத்துக்குச் சரியாக் கைக்குப் போய்ச் சேரும். மரக்கன்னு கொடுக்கிறது நல்ல எண்ணம்தான். ஆனா பஸ்ஸுல போறவங்க கையில் அது வாடிடுது.

கொடுக்கிற விதை முளைக்கணும், இல்லைன்னா இயற்கை விவசாயத்துக்கே கெட்ட பேர். ஒவ்வொரு ரகத்துலயும் 20 விதையை ஈரத்துணியில் முடிஞ்சு வெச்சுப் பார்த்தோம். 16-க்குக் குறைஞ்சா அந்த விதையைத் தள்ளிட்டோம். யோசிச்சுப் பாருங்க, கல்யாணத்துல நவதானியத்தைப் பாலிகையில் தெளிச்சு முளைக்க விடுறோமே, அதுவும் ஒரு முளைப்புச் சோதனை மாதிரித்தான் எனக்குத் தெரியுது.

உறைகள்ல ரகத்தோட பேர், விதைக்கிற மாசம், ஆழம் இதையெல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையும் கையாலேயே எழுதினாங்க. 300 உறை. பாதி அவ கையெழுத்து, பாதி அவர் கையெழுத்து. அவர் கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். "சுரைக்கு ஏன் ரெண்டு விதை ஊனணும்?"னு எனக்கே போன் போட்டுக் கேட்டார். அந்த ஆடியில் உறவுக்காரங்க பல பேர் போன் பண்ணினாங்க. 300-ல் ஒரு அறுபது, எழுபது பேர் விதைச்சிருப்பாங்க. அதுவே எனக்குப் பெருசு.

பத்திரிகையைச் சின்னக் கதர்த்துண்டுல அச்சடிச்சோம். துவைச்சா கைத்துண்டா ஆகும். ஆனா காகிதத்துலயும் ஒரு இருபது அடிச்சு வெச்சுக்கோங்க. 2009-ஆம் வருஷத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள்ள கல்யாணத்தைப் பதிவு பண்ணணும். அங்கே பத்திரிகை கேப்பாங்க.

"பஞ்சத்துக்குப் பண்றியா?"

இது என் அக்கா கேட்டது. "பேங்க் ஆபீசர் வீட்டுக் கல்யாணம்டா, நாலு பேர் என்ன நினைப்பாங்க?" சம்பந்தியும் முதல்ல ஏசி மண்டபம்னுதான் ஆரம்பிச்சார். அவங்க பக்கம் வயசானவங்க அதிகம், வைகாசி வெயில் தாங்காதுங்கிறது அவர் கவலை. நியாயமான கவலை. கீத்துப் பந்தலை ஒரு ஆள் உயரம் கூட்டி, தரையில் வைக்கோல் பரப்பித் தண்ணி தெளிச்சு, மேல பாய் விரிச்சு, மின்விசிறியும் வெச்சோம். நல்ல நாதஸ்வரம் வேணும்னார், அதுல சுருக்கவே இல்லை. எதிர்ப்புக் காட்டுற பெரியவங்க ஒவ்வொருத்தருக்குள்ளேயும் ஒரு நிஜமான பயம் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா பாதிச் சண்டை முடிஞ்சுடும்.

தங்கத்துக்கு மட்டும் நம்ம வயல்ல விதை கிடையாது. அதுல மாப்பிள்ளையே முன்வந்து, தாலியும் அவங்க அம்மா வளையலும் போதும்னு சொல்லிட்டார். இதை எல்லார் வீட்டுலயும் எதிர்பார்க்க முடியாது. ஆனா வாயைத் திறந்து பேசிப் பார்க்கலாம்.

இலை எடுத்த பிறகு

2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டுல ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை. பந்தி மேசையில விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பும் அதுல சேரும். நாங்க எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்து, வெட்டிவேர் போட்ட மண்பானைத் தண்ணி வெச்சோம். டம்ளர் கழுவ நாலு பேருக்குக் கூலி ஆச்சு. தண்ணி பாட்டில் வாங்குற காசைவிடக் குறைவு.

மிச்சச் சோத்தையும் பாயசத்தையும் மாட்டுக்குக் கொட்டிடாதீங்க. கல்யாண வீட்டு மாடு மறுநாள் வயிறு உப்பிச் சாகுறதை நம்ம ஊர்கள்ல பார்த்திருக்கோம். சோறு அதிகமானா வயித்துல அமிலம் கூடிடும். எச்சில் இலையை வைக்கோலோட அடுக்கடுக்காப் போட்டு, சாணிக்கரைசல் தெளிச்சு மூடிட்டோம். பூவும் அதுக்குள்ளயே. அடுத்த சம்பாவுக்கு அடியுரம் ஆச்சு.

நாலாவது பத்தி

செலவு நோட்டுல தேதி, விவரம், தொகைன்னு மூணு பத்தி போடுவோம். பழைய வங்கிக்காரன் புத்தி, நான் நாலாவதா ஒண்ணு போட்டேன்: 'யார் கைக்கு?' கடைசியில் கூட்டிப் பார்த்தா, மண்டபத்துல பண்ணியிருந்தா ஆகியிருக்கக்கூடிய செலவுல மூணுல ஒரு பங்குதான் குறைஞ்சிருந்தது. ரொம்ப இல்லை. ஆனா செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எழுபதுக்கு மேல, நான் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஆளுங்க கைக்குப் போயிருந்தது. கீத்து முடைஞ்சவங்க, நெட்டி வெட்டினவங்க, செக்கு ஆட்டினவர், தவில் வாசிச்சவர். அந்தப் பணம் அடுத்த நடவு வரைக்கும் எங்க ஊர்லயே சுத்திச்சு. நான் யார்கிட்டயும் வட்டிக்கு வாங்கலை. தையில் அறுத்த மீதி நெல்லையும் அவசரப்பட்டு விக்கலை. நல்ல விலை வந்தப்போ கொடுத்தேன்.

உங்க வீட்டுல அடுத்த வருஷம் கல்யாணம் இருக்குன்னா, இப்பவே ஒரு நோட்டு வாங்கி நாலு பத்தி கோடு போடுங்க. இந்த ஆவணியில் ஒரு மா தூயமல்லிக்கு நாத்து விடுங்க. வாழைக்கன்னுக்குக் குழியை நாளைக்கே எடுக்கலாம்.